யார் அறுத்த செங்கல்?



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்' என்பது நம் பழமொழி. இரண்டிலும் செலவு பெரிது, தொல்லை பெரிது என்பதே நாம் வழக்கமாக அதற்குக் கொள்ளும் பொருள். அதனுள் இன்னொரு பொருளும் அடங்கியிருக்கிறது. இரண்டுமே பலர் கூடிச் செய்யும் காரியங்கள். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கல்யாணத்துக்கு உதவியவர் இன்னார் இன்னார் என்று நினைவில் வைத்து, தாம்பூலம் கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்புகிறோம். வீட்டைக் கட்டியவர் யார் என்று கேட்டாலோ, கம்பெனியின் பெயரைச் சொல்லி நிறுத்திக் கொள்கிறோம். அந்தப் பெயருக்குப் பின்னால் உள்ள மனிதர்களைப் பற்றியே இன்று நான் உங்களுடன் பேச விரும்புகிறேன். அவர்களுள்ளும், நம் நாட்டின் தொல்குடியினராகிய பழங்குடி மக்களுக்கும் கட்டடத் தொழிலுக்கும் உள்ள உறவு எத்தகையது, எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதே என் பொருள்.

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். கட்டடப் பொறியியல் பயின்று, அடையாற்றிலும் தியாகராய நகரிலும் பல ஆண்டுகள் கட்டட வேலைகளை மேற்பார்வையிட்டவன். மயிலாப்பூரின் பழைய வீடுகளில் தட்டையான சிறு கல்லையும் சுண்ணாம்புக் காரையையும் காணலாம். தேக்குக் கட்டைகளின் மேல் சிறு கற்களைக் குத்தாக அடுக்கி எழுப்பிய மச்சுக்கு 'மெட்ராஸ் டெரஸ்' என்றே பெயர். தியாகராய நகரோ 1920-களில் மாம்பலத்து ஏரி நிலத்தைத் திருத்தி எழுந்த புது நகரம். அடையாற்றின் தெருக்களில் தோட்ட வீடுகள் மறைந்து அடுக்கு மாடிகள் எழுந்ததை என் வாழ்நாளிலேயே கண்டிருக்கிறேன். காரை போய்ச் சிமெண்ட் வந்தது, மரம் போய்க் கம்பி வந்தது. மாறாமல் நெடுங்காலம் நின்றது செங்கல் ஒன்றுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறை. சுவரின் கனம் ஒன்பது அங்குலம். நான்கு சுவர்களுக்கும் சேர்த்து ஏறக்குறைய 300 கன அடிக் கட்டுமானம். கதவு, சன்னல்களுக்காக 30 கன அடியைக் கழித்து விடுங்கள். ஒரு கன அடிக்குப் பதினான்கு கல் என்று வைத்தால், இந்த ஒரே அறைக்கு 3,800 செங்கல் வேண்டும். ஒரு கல்லின் எடை மூன்று கிலோ அளவில் இருக்கும். ஆக, நீங்கள் அமர்ந்து பாடம் படிக்கும் சிறிய அறையைச் சுற்றி 11 டன்னுக்கு மேற்பட்ட சுட்ட மண் நிற்கிறது. அந்த மண் ஒவ்வொரு பிடியாக ஒரு மனிதனுடைய கையால் அச்சில் அறையப்பட்டது. கணவனும் மனைவியுமாக இருவர் அமர்ந்தால் ஒரு நாளில் ஆயிரம் கல் அறுக்கலாம். அப்படியானால் உங்கள் அறை என்பது ஒரு குடும்பத்தின் நான்கு நாள் உழைப்பு. அது அறுக்கும் உழைப்பு மட்டுமே. காய வைப்பதும், சுமப்பதும், சூளை அடுக்குவதும், எரிப்பதும், பிரிப்பதும் தனி.

சென்னைக்கு வரும் செங்கல் பெரும்பாலும் நகரைச் சூழ்ந்த திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு மாவட்டங்களின் சூளைகளிலிருந்து வருவது. அந்தச் சூளைகளில் கல் அறுக்கும் குடும்பங்களுள் இருளர்கள் பலர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என்று அரசு தனியே வகுத்திருக்கும் குழுக்கள் ஆறு. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இருளரும் அந்த ஆறனுள் ஒருவர். 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அவர்கள் தொகை ஏறத்தாழ 1,90,000. மற்ற ஐந்து குழுவினரும் பெரிதும் மலையைச் சார்ந்து வாழ்பவர்கள். இருளரோ நீலகிரி, கோவை மலைகளில் மட்டுமன்றி, சென்னையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஏரிக்கரைகளிலும் புதர்க்காடுகளிலும் வாழ்ந்து வருபவர்கள். தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், எலி பிடித்தல், மூலிகை அறிதல், பாம்பு பிடித்தல் ஆகியவை அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில்கள். காடு சுருங்கியது, புறம்போக்கு வேலிக்குள் சென்றது, ஏரிக்கரை வீட்டு மனையாயிற்று. பட்டா என்பதையே அறியாத மக்கள் தம் நிலத்தில் தாமே அயலாராயினர். பிழைப்புத் தேடிச் சூளைக்கும், அரிசி ஆலைக்கும், மரம் வெட்டிக் கரி சுடும் வேலைக்கும் சென்றனர்.

சென்னைக்கு வடக்கே ஒரு சூளையை நான் சென்று பார்த்திருக்கிறேன். விடியுமுன் மூன்று மணிக்கு வேலை தொடங்கிவிடும். முதல் நாள் மாலையில் தண்ணீர் விட்டு ஊற வைத்த மண்ணை ஆண் மிதித்துப் பிசைவான். பெண் அச்சில் அறைந்து தரையில் கவிழ்ப்பாள். வெயில் ஏற ஏறப் பச்சைக்கல் வரிசை வரிசையாக நீளும். ஒரு பக்கம் காய்ந்ததும் அதைத் திருப்பி வைக்க வேண்டும். பெரியவர் கால் பட்டால் ஈரக்கல் நசுங்கிப் போகும் என்பதனால் அந்த வேலைக்குக் குழந்தைகளை விடுவார்கள். பொங்கல் கழிந்து தொடங்கும் சூளை அடுத்த மழைக்காலம் வரை நடக்கும். நீங்கள் ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும் அதே மாதங்களில், உங்கள் வயதினர் சிலர் பச்சைக்கல்லைத் திருப்பிக் கொண்டிருக்கிறார்கள். அந்தச் சூளையில் ஆயிரம் கல்லுக்குக் கூலி என்று பேச்சு. ஆனால் உடைந்த கல்லுக்கு ஈடாக ஆயிரத்துக்கு மேலும் கல் வைத்த பிறகே ஆயிரம் என்று கணக்கில் ஏறியது. கணக்கு நோட்டு மேஸ்திரியின் கையில் இருந்தது. அறுத்தவருக்கு எழுத்துத் தெரியாது.

இதன் வேர் முன்பணம் என்னும் வழக்கத்தில் இருக்கிறது. ஒரு சாவுச் செலவுக்கோ, மருந்துக்கோ, மழைக்காலத்துப் பட்டினிக்கோ ஒரு குடும்பம் சில ஆயிரம் ரூபாய் முன்பணமாகப் பெறுகிறது. அதைக் கழிக்கும் வரை வேறிடம் செல்லக் கூடாது. கூலி குறைவு, கழிவு அதைவிடக் குறைவு. ஆண்டு முடிவில் கடன் வளர்ந்தே நிற்கும். தந்தை பட்ட கடனுக்கு மகன் கல் அறுப்பான். இதற்குத்தான் கொத்தடிமை முறை என்று பெயர்.

சட்டம் இதை ஏற்கவில்லை. அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடன்கள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கியது. 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டடங்கள் எழுந்த போது, கூலியாட்களின் நிலை குறித்து ஒரு வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஆட்களைக் கொண்டுவந்த இடைத்தரகர்கள் தினக்கூலியில் ஒரு ரூபாயைத் தமக்கென்று பிடித்துக் கொண்டனர் என்பது அவ்வழக்கின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவரிடம் வேலை வாங்குவதும் கட்டாய உழைப்பே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசியும் வறுமையும் ஒருவரைத் தள்ளிக் கொண்டு வந்தால் அதுவும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் உட்கருத்து. கட்டடத் தொழிலில் ஈடுபடப் போகும் ஒவ்வொரு மாணவரும் இதை மனத்தில் எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

ஆனால் நண்பர்களே, விடுதலை என்பது ஒரு நாளில் முடியும் காரியம் அன்று. அதிகாரிகள் வருகிறார்கள், மீட்கிறார்கள், விடுதலைச் சான்றிதழ் தருகிறார்கள். மறுநாள் அடுப்பு எரிய வேண்டுமே! கையில் தொழில் ஒன்றுதான் இருக்கிறது. அது செங்கல் அறுக்கும் தொழில். அந்தத் தொழிலோ முன்பணக்காரன் வாசலில் இருக்கிறது. ஆகவே மீட்கப்பட்டவர் சிலர் மீண்டும் அதே வலையில் சென்று விழுந்ததும் உண்டு. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, போவதற்கு ஓர் இடமும் வேண்டும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

அந்த இடத்தை உண்டாக்க ஒரு முயற்சி திருவள்ளூர் மாவட்டத்தில் நடந்திருக்கிறது. கொத்தடிமையிலிருந்து மீண்ட இருளர் குடும்பங்களே உடைமையாளராக இருந்து நடத்தும் செங்கல் சூளையை மாவட்ட நிருவாகம் முன்நின்று அமைத்துக் கொடுத்தது.  அங்கே அறுத்த கல் அரசின் வீட்டுத் திட்டங்களுக்கு விலையாயிற்று. அதே மண், அதே அச்சு, அதே வெயில். ஆனால் கணக்கு நோட்டு இப்போது அறுத்தவர் பக்கம் வந்து விட்டது. திருவண்ணாமலை மாவட்டம் மீசநல்லூரில் 2022-இல் இருளர்களுக்காக நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு ஒன்று திறக்கப்பட்டது. வீட்டோடு நில்லாமல் பால்மாடும் தொழிற்கூடமும் சேர்ந்து அமைந்தது அதன் சிறப்பு. 'எலி வளை ஆனாலும் தனி வளை' என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய உடைமையின் இன்பத்தைத்தான்.

இவ்விடத்தில் ஒரு சொல்லை ஆராய்ந்து பார்க்க வேண்டும். இன்று பெரிய கட்டடக் கம்பெனிகள் பழங்குடி மக்களுடன் 'கூட்டு' வைத்திருப்பதாகக் கூறுகின்றன. கூட்டு என்றால் என்ன? பத்துப் பேருக்குப் போர்வை வழங்குவது கூட்டு ஆகுமா? அது தருமம், நல்லதுதான், ஆனால் கூட்டு ஆகாது. நூறு பேருக்குக் கூலி வேலை கொடுப்பது கூட்டு ஆகுமா? அது வேலை, முறையான கூலி என்றால் அதுவும் நல்லதுதான், ஆனால் கூட்டு ஆகாது. கூட்டு என்று சொல்ல வேண்டுமானால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். முதலாவது, அவர்களைக் கேட்டார்களா? இரண்டாவது, ஆதாயத்தில் பங்கு தந்தார்களா? மூன்றாவது, அவர்களுடைய அறிவை அறிவாக மதித்தார்களா?

இந்த மூன்று கேள்விகளும் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. கனடா நாட்டின் வரலாறு இவற்றை நன்கு விளக்குகிறது. அங்கே மான்ட்ரியல் நகருக்கு அருகே, செயிண்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில், மோஹாக் என்னும் தொல்குடியினர் வாழும் காநவாகே என்ற ஊர் இருக்கிறது. 1886-இல் அந்த ஆற்றின் மேல் ரெயில் பாலம் ஒன்று கட்ட வேண்டியிருந்தது. பாலத்தின் ஒரு முனை அவர்கள் நிலத்தில் ஊன்ற வேண்டும். அதற்கு ஈடாக, பாலம் கட்டிய டொமினியன் பிரிட்ஜ் கம்பெனி அவ்வூர் ஆண்களுக்கு வேலை தருவதாக ஒப்புக் கொண்டது. முதலில் சுமை தூக்கும் வேலைதான் கிடைத்தது. இளைஞர்களோ ஓய்வு நேரத்தில் இரும்புச் சட்டங்களின் மேல் ஏறிப் பார்த்தார்கள். ஆணி அறையும் வேலையைக் கற்றார்கள். சில ஆண்டுகளில் அமெரிக்கக் கண்டத்திலேயே பெயர் பெற்ற இரும்புக் கட்டுமானக்காரர்கள் ஆனார்கள். நியூயார்க் நகரின் புகழ் பெற்ற வானளாவிகள் பலவற்றில் அவர்கள் கைவேலை உண்டு. 'அந்த இனத்தாருக்கு உயரத்தைக் கண்டு அச்சமே கிடையாது. அது பிறவிக் குணம்' என்று பலர் எழுதினார்கள். அது பொருந்தாத பேச்சு. அவர்களுக்கும் அச்சம் உண்டு. அதை அடக்கக் கற்றார்கள். தந்தை மகனுக்குக் கற்பித்தான். உழைத்துப் பெற்ற திறனைப் பிறவிக் குணம் என்று சொல்லிவிட்டால், அந்தத் திறனுக்கு விலை தர வேண்டியதில்லை அல்லவா?

1907 ஆகஸ்டு 29-ஆம் நாள் கியூபெக் நகருக்கு அருகே கட்டப்பட்டு வந்த பெரும்பாலம் ஒன்று ஆற்றில் சரிந்து விழுந்தது. 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் காநவாகே ஊரினர். பாலத்தின் எடையைக் குறைவாக மதிப்பிட்டதும், கீழ்ச்சட்டங்கள் வளைந்து வருவதைக் கண்ட பின்னும் வேலையை நிறுத்தாததும் காரணங்கள் என்று விசாரணையில் தெரிந்தது. கணக்குப் போட்டவர்கள் ஓரிடம். உயிர் விட்டவர்கள் வேறிடம். அதன்பின் அவ்வூர்ப் பெண்கள் கூடி ஒரு முடிவு செய்தனர். இனி ஆண்கள் அனைவரும் ஒரே கட்டுமானத்தில் வேலைக்குச் செல்லக் கூடாது, பல இடங்களுக்குப் பிரிந்து செல்ல வேண்டும் என்பதே அம்முடிவு. வேலை கிடைத்தது, பெயர் கிடைத்தது. முடிவு செய்யும் இடத்தில் மட்டும் அவர்களுக்கு இருக்கை இல்லை. ஆகவே அதை முழுக் கூட்டு என்று நான் சொல்ல மாட்டேன்.

அதே கனடாவில் 1971-இல் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் மாபெரும் நீர்மின் திட்டம் ஒன்றைக் கியூபெக் மாநில அரசு அறிவித்தது. அங்கே வேட்டையாடியும் மீன் பிடித்தும் வாழ்ந்த கிரீ மக்களை எவரும் கேட்கவில்லை. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பர்ட் மலூஃப் வேலையை நிறுத்த ஆணையிட்டார். ஒரே வாரத்தில் மேல் நீதிமன்றம் அந்த ஆணையை விலக்கிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு வாரம் வீண் போகவில்லை. கேட்காமல் கட்ட முடியாது என்பது எல்லாருக்கும் விளங்கிவிட்டது. 1975-இல் கிரீ மக்களுடனும் இன்யூட் மக்களுடனும் ஒப்பந்தம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கிரீ மக்கள் தமக்கென்று ஒரு கட்டடக் கம்பெனியைத் தொடங்கிச் சாலையும் வீடும் தாமே கட்டலாயினர். 2002-இல் ஏற்பட்ட மற்றோர் ஒப்பந்தப்படி, அந்நிலத்தின் வளத்திலிருந்து வரும் வருவாயில் ஐம்பது ஆண்டுகளுக்கு அவர்களுக்கு ஆண்டுதோறும் பங்கு உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய நிலம் மூழ்கியதுதான். அந்த இழப்பு இழப்பே. ஆனால் கூலியாக நின்றவர்கள் பங்காளிகளாக எழுந்தார்கள்.

நம் நாட்டில் முதற் கேள்விக்கு என்ன விடை? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் மக்களின் உரிமையை ஏற்று, அவர்களுடைய கிராம சபைக்கு மதிப்பளித்தது. 2013-இல் ஒடிசாவின் நியாம்கிரி மலையில் சுரங்கம் தோண்டும் திட்டம் ஒன்று வந்த போது, உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. திட்டம் நின்றது. பழங்குடியினருக்கென அரசியலமைப்பு வகுத்துள்ள ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அந்த அட்டவணை தரும் காப்பு நம் மாநிலத்துப் பழங்குடியினருக்குக் கிடைப்பதில்லை. காடு என்ற பெயர் போய்ப் புறம்போக்காகிவிட்ட ஏரிக்கரையில் வாழும் இருளருக்குக் காப்பு இன்னும் குறைவு. கேட்டாக வேண்டும் என்று சட்டம் வற்புறுத்தாத இடத்தில், கேட்க வேண்டும் என்ற அறம் நம்மிடம் இருந்தாக வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது அறிவை மதிப்பதற்கு, நல்ல சான்று தென் சென்னையிலேயே இருக்கிறது. கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணைக்கு நீங்கள் பள்ளிச் சுற்றுலா சென்றிருப்பீர்கள். அது 1972-இல் அங்கே அமைந்தது. அதே ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. பாம்புத் தோல் வாணிகம் அடைபட்டது. பாம்பு பிடித்துத் தோலை விற்று வாழ்ந்த இருளர் பிழைப்பு இழந்தனர். பாம்புப் பண்ணையைத் தோற்றுவித்த ராமுலஸ் விட்டேக்கரும் இருளர் சிலரும் சேர்ந்து ஆலோசித்தார்கள். 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, நஞ்சு எடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்துதான் பாம்புக் கடிக்கு மருந்து செய்யப்படுகிறது. 2017-இல் இருளர் இருவர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகித் தொல்லை தந்த மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினர். மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற அவ்விருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இது கட்டடத் தொழிலன்று என்பீர்கள். உண்மைதான். ஆனால் 'அவர்களால் ஒரு நிறுவனத்தை நடத்த முடியுமா?' என்று ஐயுறும் ஒப்பந்தக்காரருக்கு இதைவிடச் சிறந்த விடை இல்லை. அரசின் அனுமதி தாமதமாகித் தொழில் முடங்கிய காலங்களையும் தாண்டி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சங்கம் நிற்கிறது. தொழிலில் வல்லவர்கள் அவர்களே என்பதை ஏற்று, அந்த வன்மைக்கு விலையும் வைத்தார்கள். ஆகவே அது கூட்டாயிற்று.

கட்டடத் தொழிலுக்கே உரிய சான்று வேண்டுமானால் நீலகிரிக்குச் செல்வோம். தோடர்களின் வீடு பாதி உருளை போல வளைந்த கூரை உடையது. மூங்கிலை வளைத்து, பிரம்பால் கட்டி, புல் வேய்ந்து அமைப்பது. வாயில் மூன்றடி சதுரம். குனிந்து தவழ்ந்தே நுழைய வேண்டும். மலைக் குளிரும் காற்றும் உள்ளே புகாத பொறியியல் அது. 'இவர்களை முன்னேற்றுகிறோம்' என்று சிமெண்டுப் பெட்டி வீடுகள் வந்தன. வளைந்த கூரை மறையத் தொடங்கியது. பின்னர்த் தோடர்களும் அவர்கள்பால் அன்புள்ளவர்களும் முயன்று, 1995 முதல் 2005 வரை அந்தப் பழைய முறையிலேயே நாற்பது குடில்கள் கட்டினார்கள். அங்கே மேஸ்திரிகள் தோடர்களே. பிரம்பை எப்படி முறுக்குவது என்று அவர்களுக்குக் கற்பிக்கத்தக்க பொறியாளர் எவரும் இல்லை. அவர்களிடம் கற்க வேண்டிய பொறியாளர்தாம் உண்டு.

இனி, கம்பெனிகளின் பக்கத்திலிருந்து வரும் மறுப்பையும் கேட்போம். 'சூளையில் கூலி உயர்ந்தால் செங்கல் விலை உயரும். செங்கல் விலை உயர்ந்தால் வீட்டு விலை உயரும்' என்பார்கள். தியாகராய நகரில் ஒரு வீட்டின் விலையைக் கூறு போட்டுப் பாருங்கள். அதில் மனையின் விலையே பெரும் பங்கு. மீதியில் இரும்பு, சிமெண்ட், மரம், பளிங்கு எல்லாம் போகச் செங்கல்லுக்கு உரியது சிறு பங்கு. அச்செங்கல்லின் விலையிலும் மண், விறகு, லாரி, உடைமையாளர் இலாபம் போக, அறுத்தவர் கைக்கு வருவது அதனினும் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கு இருமடங்கானாலும் வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. அறுத்தவரின் பிள்ளை பள்ளிக்குச் செல்வதா, ஈரக்கல்லின் மேல் நடப்பதா என்பதை மட்டும் அது முடிவு செய்துவிடும்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். செங்கல்லே எப்போதும் நிற்கும் என்று எண்ணி விடாதீர்கள். வயலின் மேல்மண்ணைச் சூளை தின்கிறது என்பதனால், அனல்மின் நிலையத்துச் சாம்பலில் செய்த கல்லும், எந்திரத்தில் வார்த்த இலேசான கட்டியும் இன்று அதன் இடத்தைப் பிடித்து வருகின்றன. நிலத்துக்கு அது நன்மை. ஆனால் சூளை குறையும் நாளில், முதலில் வேலை இழப்பவர் எவர்? அறுத்த குடும்பமே. ஆகையால் கூட்டு என்பது இன்றைய செங்கல்லோடு முடிந்து விடலாகாது. நாளைய கல்லைச் செய்யும் எந்திரத்திலும் அக்குடும்பங்களுக்குப் பங்கும் பயிற்சியும் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் வழக்கறிஞர், சிலர் அதிகாரி. பெரும்பாலோர் என்றேனும் ஒரு நாள் வீடு கட்டுவீர்கள், அல்லது வாங்குவீர்கள். பொறியாளரே, செங்கல்லைத் தண்ணீரில் ஊற வைத்து எடை பார்க்கிறீர். ஒன்றோடொன்று தட்டி ஓசை பார்க்கிறீர். நகத்தால் கீறிக் கடினம் பார்க்கிறீர். இந்தச் சோதனைகளோடு இன்னும் ஒன்றைச் சேர்த்துக் கொள்ளுங்கள்: இது எந்தச் சூளையிலிருந்து வந்தது, அங்கே முன்பணம் உண்டா, கணக்கு யார் கையில் என்று கேளுங்கள். ஒப்பந்தத்தில் அதை ஒரு விதியாக எழுதுங்கள். மீண்டவர்கள் தாமே நடத்தும் சூளையும் சங்கமும் இருக்குமிடத்தில், இடைத்தரகரின்றி அவர்களிடமே வாங்குங்கள். வழக்கறிஞரே, 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் படித்து வையுங்கள். அதிகாரியே, விடுதலைச் சான்றிதழோடு அடுத்த மாதத்துக்கான வேலையையும், பட்டாவையும், பள்ளியில் இடத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வீட்டுக்காரரே, கிருகப்பிரவேசத்துக்கு அச்சிடும் அழைப்பில் கல் அறுத்தவர் பெயரைப் போட முடியாமல் போகலாம்; அவருக்குரிய கூலி முழுமையாகச் சேர்ந்ததா என்று கேட்க உங்களால் முடியும்.

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்' என்கிறோம். உடம்பைக் காத்துக் கொள்ள வேண்டும் என்பதற்காக அதைச் சொல்வது வழக்கம். ஒரு நாட்டுக்கும் அது பொருந்தும். கலை, கல்வி, வாணிகம் என்னும் சித்திரங்களை நாம் எழுதும் சுவர், மண்ணை மிதித்தவர்களின் தோளில் நிற்கிறது. அந்தத் தோள் கடனில் குனிந்திருக்கும் வரை, நம் சுவர் நேராக நிற்கிறது என்று எந்தத் தூக்குக் குண்டும் நமக்குச் சொல்லாது. அவர்களைக் கேட்டு, அவர்களுக்குப் பங்கு தந்து, அவர்களிடம் கற்றுக் கட்டுகின்ற தலைமுறையாக நீங்கள் விளங்க வேண்டும் என்பதே என் விருப்பம்.